புதிய சபை உறுப்பினர்களுக்கு: வீதிக்கு முன் வடிகால், வடிகாலுக்கு முன் பதிவேடு

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் வன்னியின் பிரதேச சபைகளுக்குத் தெரிவாகி, ஜூன் 2ஆம் திகதி முதல் ஆசனங்களில் அமர்ந்திருப்பவர்களில் சிலர், முதல் ஆண்டில் எதற்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் 2018 பெப்ரவரித் தேர்தலில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சிறு நகரமொன்றை உள்ளடக்கிய சபைக்குத் தெரிவானேன். நான்கு ஆண்டுப் பதவிக்காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு, 2023 மார்ச் 19ஆம் திகதி சபைகள் கலைக்கப்படும் வரை உறுப்பினராக இருந்தேன். அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஓர் ஒழுங்கையிலும் அதன் ஓரத்து வடிகாலிலும் கழிந்தது. சபைக்குள் போன முதல் மாதத்திலேயே யாராவது என்னை இருத்திவைத்துச் சில விடயங்களைச் சொல்லியிருந்தால், அந்த வேலை பாதிக் காலத்தில் முடிந்திருக்கும். எனக்கும் ஊருக்கும் ஏற்பட்ட நட்டமும் குறைந்திருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த தேர்தல் அது. நான் வட்டாரத்தில் வென்று வந்தவளல்ல, கட்சி கொடுத்த மேலதிகப் பட்டியலிலிருந்து வந்தவள். பட்டியலில் வருகிறவருக்கு வட்டாரம் இல்லை. வட்டாரம் இல்லையென்றால், சபை நிதியை வட்டாரங்களுக்குப் பங்கிடும்போது உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படாது. முதல் பங்கீட்டுக் கூட்டத்தில் மற்றவர்கள் தத்தமது வீதிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் வெறும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அன்று மனதுக்குள் அழுகை வந்தது உண்மை. பட்டியலில் வந்த தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான்: வட்டாரம் இல்லாத உறுப்பினருக்குச் சபையின் முழுப் பிரதேசமும் உரியது என்று முதற்கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். சந்தை, பேருந்து நிலையம், மயானம், நூலகம், முன்பள்ளி போன்ற பொது இடங்களில் ஒன்றை உங்கள் பொறுப்பாகக் கேட்டு வாங்குங்கள். வட்டார உறுப்பினர்கள் அவற்றுக்கு அவ்வளவாகப் போட்டியிடுவதில்லை. ஆனால் ஊரின் அன்றாட வாழ்க்கை நடப்பது அங்கேதான்.

எனக்கு அப்படிக் கிடைத்தது சந்தைப் பகுதி. எங்கள் சிறிய புடவைக்கடையும் அங்கேதான் இருந்தது. சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை, அதன் ஓரமாக ஒரு மண்வடிகால். மாரியில் சந்தைச் சுற்றாடலின் வெள்ளம் முழுவதும் அந்த வடிகாலால் ஓடி, பிரதான வீதியின் கீழுள்ள மதகைக் கடந்து, வயல் வாய்க்காலில் விழவேண்டும். போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின்னர் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் நீண்டன. ஒருவர் வடிகாலை மூடிக் கொங்கிறீற்றுத் தட்டு போட்டார், இன்னொருவர் அதன் மேல் களஞ்சியம் கட்டினார், எஞ்சிய இடத்தைக் குப்பை நிரப்பியது. வடிகாலைத் துப்புரவாக்கித் திறக்கவேண்டும் என்று வியாபாரிகளே கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். நான் பிரேரணை கொண்டுவந்தேன். சபை ஏகமனதாக நிறைவேற்றியது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, மாரிக்கு முன்னர் வேலை முடிந்துவிடும் என்றே நம்பினேன்.

பிரேரணை நிறைவேறினால் வேலை தொடங்கும் என்று நினைக்காதீர்கள். சபையின் செயலாளர் மிகவும் பண்பாகச் சொன்னார், அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இல்லை என்று. பதிவேட்டில் இல்லாத வீதிக்குச் சபை நிதியில் ஒரு சதமேனும் செலவிட்டால் கணக்காய்வில் ஐயவினா வரும், பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே, அது வாய்க்கால் ஒதுக்கீட்டுக் காணியாக இருக்கலாம், நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கேளுங்கள் என்றார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில், சிறிய குளங்களின் வாய்க்கால்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை என்றார்கள். கமநல சேவை நிலையத்தில் இருந்த ஐயா கோப்புகளைப் புரட்டிவிட்டு, "தங்கச்சி, நகரத்துக்குள்ள ஓடுறது எங்கட வாய்க்கால் இல்லை, அது பிரதேச சபையின்ர வடிகால்" என்றார். வீதிக்குக் கீழுள்ள மதகோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அன்றைய வியாபாரம் போனது, பேருந்துக் காசு போனது. வாங்கில் காத்திருந்துவிட்டு, "அலுவலர் களத்துக்குப் போய்விட்டார்" என்ற பதிலோடு திரும்பிய நாள்களும் பல.

இதனால்தான், எந்தத் திட்டத்தையும் தொடங்குமுன் "இது யாருடையது?" என்று கேளுங்கள் என்கிறேன். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஏ 9, ஏ 34, ஏ 35 ஆகியவற்றின் ஓரத்து வடிகாலைக்கூடச் சபை தன் விருப்பத்துக்கு வெட்டமுடியாது. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்வீதிகளும் ஒழுங்கைகளும், அவை பதிவேட்டில் இருந்தால், சபைக்குரியவை. பெரிய, நடுத்தரக் குளங்களைப் பார்ப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. குழாய்நீர் பெரும்பாலான இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. அரசாங்க அலுவலகமான பிரதேச செயலகமும், மக்கள் தெரிவுசெய்யும் பிரதேச சபையும் ஒன்று என்று ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். காணி, அஸ்வெசும கொடுப்பனவு, வீட்டுத்திட்டம் என்று எல்லாவற்றுக்கும் உங்களிடமே வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல், எந்த அலுவலகம், எந்த மேசை என்று சொல்லி அனுப்புங்கள். அதுவே பாதி உதவி.

நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருக்கையில் மாரி வந்துவிட்டது. 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு தொடங்கிய மழையைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, சிறுகுளங்கள் எல்லாம் வான் பாய்ந்தன. எங்கள் சந்தைக்குள் வந்த வெள்ளத்தில் குளத்து நீரும் இருந்தது. ஆனால் அது வடியாமல் நின்றதற்குக் காரணம் அந்த மூடிய வடிகால். விடியற்காலையில் கடைக் கதவைத் திறந்தபோது தண்ணீர் இடுப்பளவு. கீழ்த்தட்டுகளில் தைப்பொங்கலுக்காக எடுத்து வைத்திருந்த வேட்டி, சேலைக் கட்டுகள் சாயம் கலந்து கிடந்தன. ஒரு கட்டைத் தூக்கினால் செந்நீரும் நீலநீருமாக முழங்கை வழியாக ஒழுகியது. கடனுக்கு எடுத்த சரக்கு அது. ஏறத்தாழ நான்கு இலட்சம் ரூபாய் அழிந்தது; அந்தக் கடனைக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. பணத்தைவிட வலித்தது வேறொன்று. பக்கத்துக் கடை அண்ணர் எல்லோர் முன்னிலையிலும், "உங்களைச் சபைக்கு அனுப்பி என்ன கண்டம்?" என்று கேட்டார். அவருடைய அரிசி மூடைகளும் நனைந்து கிடந்தன. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுவதும் அவருடைய கடையையும் சேர்த்தே இறைத்தோம்.

வெள்ளம் வடிந்தபின் நான் திட்டங்களை விட்டுவிட்டுப் பதிவேடுகளைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் சபையின் பழைய ஆவணங்கள் 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன. இப்போதுள்ள வீதிப் பதிவேடு மீள்குடியேற்றத்தின் பின்னர், கிராம அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களும் நினைவிலிருந்து சொன்னதை வைத்து எழுதப்பட்டது. அதில் விடுபட்டவை எங்கள் ஒழுங்கை மட்டுமல்ல. இருபது வீடுகளுக்கு மேல் உள்ள ஒழுங்கைகளும் விடுபட்டிருந்தன. ஆகவே புதிய உறுப்பினர்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் வீதிப் பதிவேட்டை வாங்கி, உங்கள் பகுதியின் ஒழுங்கைகளை ஒவ்வொன்றாக நடந்து ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டதன் பெயர், நீளம், அகலம், தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகியவற்றை எழுதிச் சபைத் தீர்மானமாக்கி, உரிய முறையில் சேர்ப்பிக்கக் கோருங்கள். இதற்குத் திறப்பு விழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை, முகநூலில் போட ஒரு படமும் கிடைக்காது. ஆனால் இதைச் செய்யாத வீதிக்கு நீங்கள் எத்தனை ஆண்டு வாதாடினாலும் பணம் வராது. இதே வேளையில் சபையின் அசையாச் சொத்துப் பதிவேட்டையும், வாகனங்களின் நிலையையும், அண்மைய கணக்காய்வு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். சபை எங்கே இடறுகிறது என்பதை உறுப்பினருக்கு அதைப்போல் எவரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையின் முடிச்சு அவிழ்ந்தது ஒரு பழைய வரைபடத்தால். நில அளவைத் திணைக்களத்தின் கிராம வரைபடத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு நீர்வழி மெல்லிய இரட்டைக் கோடாக வரையப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் பாதையும் இருந்தது. அந்த வரைபடத்தின் பிரதியைப் பெறுவதற்கும், மதகு யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுவதற்கும் எனக்குக் கைகொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வாய்மொழியாகக் கேட்டபோது ஆளுக்கு ஆள் கைகாட்டிய அலுவலகங்கள், எழுத்து விண்ணப்பம் போனவுடன் பொறுப்பை எழுத்தில் சொல்லவேண்டியவையாயின. தகவல் அலுவலர் 14 வேலைநாள்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். சபை உறுப்பினர் என்றாலும் நீங்கள் ஒரு பிரசைதான், அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. விண்ணப்பத்தில் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், இன்ன ஆவணத்தின் பிரதியைத் தருக என்று கேளுங்கள். ஆவணம் கைக்கு வந்தால் அதை வைத்து எந்தக் கூட்டத்திலும் பேசலாம்.

பேசவேண்டிய கூட்டம் எது என்பதும் முக்கியம். சபையின் மாதாந்தக் கூட்டத்தில் மற்றைய திணைக்களங்களைத் திட்டித் தீர்ப்பதால் ஒன்றும் ஆகாது. அவர்கள் அங்கே இல்லை. அவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பது பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும்தான். தவிசாளர் மூலம் உங்கள் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் ஏற்றுவித்து, வரைபடத்தையும் பதில் கடிதங்களையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். எங்கள் மதகு அப்படித்தான் கவனத்துக்கு வந்தது. வீதிப் பொறியியலாளர் நேரில் வந்து பார்த்தார். அடைபட்டிருந்த வாய் துப்புரவாக்கப்பட்டது.

அதன் பின்னர் வந்த பகுதியை எழுதுவது எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. வடிகாலின் மேல் கட்டியவர்களுக்குச் சபை அறிவித்தல் அனுப்பியதும், மனுவில் கையெழுத்திட்டவர்களில் சிலரே எதிர்ப்பக்கம் போனார்கள். என் வீட்டுக்கு ஆள் அனுப்பப்பட்டது. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்று என் மாமியாரிடம் வந்து சொன்னார்கள். என்னைப் பற்றிச் சந்தையில் கதை கட்டினார்கள். கட்சியில் சொன்னபோது, தேர்தல் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்றார்கள். அந்த மாதங்களில் இரவில் நித்திரை இல்லை; பதவி விலகல் கடிதம் எழுதி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றியது என் துணிச்சல் அல்ல, ஒரு குழு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நிதி, வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் ஆகிய விடயங்களுக்குக் குழுக்கள் அமைக்க இடம் தருகிறது. அவற்றில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். சந்தையின் மூத்த வியாபாரி ஒருவர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கமக்கார அமைப்பின் தலைவர் ஆகியோர் சேர்ந்தபின், வடிகால் என்பது "அந்த அக்காவின் பிரச்சினை" என்ற நிலை மாறியது. கட்டடத்தை உடைக்கவேண்டிய தேவையும் குறைந்தது. தட்டுகளைக் கழற்றக்கூடியதாக மாற்றுவதற்குப் பெரும்பாலானோர் இணங்கினார்கள். எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், ஓர் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்குத் தனியே இறங்காதீர்கள். வாய்ப்பேச்சில் எதையும் விட்டுவைக்காதீர்கள். மிரட்டல் வந்தால் அன்றே பொலிஸில் முறையிட்டுப் பதிந்து வையுங்கள்.

பணம் வருவதற்கு ஒரு பருவம் உண்டு என்பதையும் நான் மெல்லவே அறிந்தேன். வன்னியில் மண்வேலைக்கு உகந்த காலம் மே முதல் செப்டெம்பர் வரைதான்; ஒக்டோபரில் மழை இறங்கிவிட்டால் வெட்டிய வடிகால் அன்றே தூர்ந்துவிடும். மாகாணத்திலிருந்தோ மத்தியிலிருந்தோ நிதி வருவதோ பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில். அதன் பின்னர் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு தயாரித்து, விலைமனுக் கோரி, ஒப்பந்தம் கொடுக்கும்போது மாரி வந்திருக்கும், டிசம்பர் 31 வந்திருக்கும், செலவிடாத பணம் திரும்பிவிடும். எங்களுக்கு 2019இல் நடந்தது அதுதான். முழுச் சபைக்கும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவர் மேசையில் எத்தனையோ கோப்புகள். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பெப்ரவரி, மார்ச்சிலேயே அளந்து மதிப்பீட்டைத் தயாராக்கி வைத்திருந்தால், நிதி எப்போது வந்தாலும் முதலில் எடுக்கப்படுவது உங்கள் கோப்பாக இருக்கும். 2020 பெருந்தொற்றிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் கழிந்தது. 2021 கோடையில்தான் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் அந்த ஒழுங்கைக்குள் இறங்கியது. இரண்டாம் கட்டமாக இருந்த கொங்கிறீற்றுப் பக்கச்சுவர் 2022இன் விலையேற்றத்தில் நின்றுபோனது. பழைய மதிப்பீட்டு விலைக்கு எந்த ஒப்பந்தகாரரும் சீமெந்து மூடையைத் தொடத் தயாராக இல்லை. அந்த ஆண்டு நடுப்பகுதியில் குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கே டீசல் கிடைக்கவில்லை.

புதியவர்கள் எல்லோரும் கேட்பது கிரவல் வீதிகளைத்தான். மக்களும் அதைத்தான் கேட்கிறார்கள். மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாரி முடிந்ததும் போன ஆண்டு கிரவல் போட்ட வீதியொன்றைக் குனிந்து பாருங்கள். நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்கவேண்டிய வீதி நடுவில் பள்ளமாகியிருக்கும். ஓரத்தில் புல்மேடு வீதியைவிட உயர்ந்து நிற்கும். மழைநீர் வெளியேற இடமில்லாமல் சில்லுத்தடத்திலேயே ஓடி, செம்மண்ணைக் கழுவிக்கொண்டு போய்த் தாழ்ந்த வளவொன்றில் கொட்டியிருக்கும். வீதியில் எஞ்சியிருப்பது வெறும் கல். அடுத்த ஆண்டு அதே வீதிக்கு அதே பணம் மறுபடியும் கேட்கப்படும். பக்க வடிகால் வெட்டி, ஓரப் புல்மேட்டைச் சீவி, தாழ்ந்த இடத்தில் ஒரு குழாய் மதகு வைத்தால், குறைந்த நீளத்துக்குப் போட்ட கிரவலும் பல மாரிகளைத் தாங்கும். வடிகாலும் மதகும் இல்லாத எந்த வீதி மதிப்பீட்டுக்கும் கையுயர்த்தாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

சபையின் சொந்த வருமானத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தயக்கம். ஊர் இன்னும் கடனில் இருக்கையில் வீடு, காணிகளுக்கான சோலைவரி கேட்பதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஆனால் சந்தைக் கடைகளின் நிலுவை வாடகைப் பட்டியலைப் பார்த்தபோது, கட்டாமல் இருந்தவர்களில் வசதியானவர்களே முன்னால் நின்றார்கள். மரக்கறிக்காரப் பெண்கள் நாள்வரியைத் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிலுவையை அறவிடுவதில் தொடங்குங்கள். சபைக்கு வரவேண்டிய முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவை ஒழுங்காக வந்து சேர்கின்றனவா என்று நிதிக் குழுவில் கேளுங்கள். சொந்த வருமானத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்றே பாதீட்டில் ஒதுக்கச் செய்யுங்கள், ஏனெனில் வெளியிலிருந்து வரும் நிதி பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கே வருகிறது, கட்டியதைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு எவரும் தருவதில்லை.

குப்பை, வீதிவிளக்கு, கட்டாக்காலி மாடுகள் ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாடுகளைப் பிடித்துத் தண்டம் அறவிடுவதோடு சபை நின்றுவிட்டால் வயற்காரரும் மாட்டுக்காரரும் மோதிக்கொண்டே இருப்பார்கள். மேய்ச்சல் தரைக்குக் காணி ஒதுக்கும்படி பிரதேச செயலகத்திடம் சபை தீர்மானமாகவே கேட்கவேண்டும், ஒவ்வோர் ஆண்டும், கிடைக்கும் வரை.

2023 மார்ச்சிலிருந்து 2025 ஜூன் வரை சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. அந்த இரண்டு மாரிகளிலும் எங்கள் வடிகால் சந்தை வெள்ளத்தைக் கொண்டுபோனது. ஆனால் பக்கச்சுவர் இல்லாததால் மண் சரிந்து, இப்போது பாதி ஆழம்தான் இருக்கிறது. அந்தக் கோப்பின் முழுப் பிரதியையும், வரைபடம், தகவல் உரிமைப் பதில்கள், பழைய மதிப்பீடு எல்லாவற்றுடனும், இம்முறை சந்தை வட்டாரத்தில் வென்ற தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். பாதீடு டிசம்பருக்குள் சபையில் நிறைவேறவேண்டும்; ஆகவே பக்கச்சுவருக்கான புதிய மதிப்பீடு ஒக்டோபர்க் கூட்டத்துக்கு முன்னர் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசையிலிருந்து வெளிவரவேண்டும். அவர் அளக்க வரும் நாளில் நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.